சுரணை

இருபத்தேழு பாகை.
இந்த நாட்டுத் தண்டவாளத்துக்கு
இழுப்பும் நெருக்கலும் இல்லாத
ஒரே சூடு அது.
கீழே போனால் சுருங்கி விறைக்கும்.
மேலே ஏறினால்
நீள இடமில்லாமல் பக்கவாட்டில் நெளியும்.
எப்போதோ யாரோ
இங்கத்து வெயிலையும் பனியையும் கூட்டிக் கழித்து
இதுதான் நாம் என்று
எழுதிவைத்த எண்.

டார்பியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
ஜன்னல் திறக்காத மூன்றாம் மாடியில் எனக்கு வேலை.
நியமன ஆணையில் அதற்கு ஒன்றரை வரிப் பெயர்:
உணர்திறன், குறியீடு, காலத்தொடர், இன்னும் என்னவோ.
வீட்டில் கேட்டபோது
சுரணையை அளக்கிறேன் என்றேன்.
யாரோடதை?
நாட்டோடதை.
தொலைபேசியில் தங்கை சிரித்து முடிக்க
வெகுநேரம் ஆனது.
"இருக்கா, அதுக்கு?"

வெப்பத்தை அளப்பது சுலபம்.
புல்வெளியில் வெள்ளைப் பெட்டி, உள்ளே ஒரு கருவி, முடிந்தது.
சுரணை வேறு.
ஒரு பாகை ஏறினால்
எத்தனை நிமிடம் பிந்துகிறது
மேட்லாக் போகிற எட்டுப் பன்னிரண்டு?
அதே ஒரு பாகை
பத்து வருடம் கழித்து ஏறினால்?
முப்பத்தொன்று என்பது அரக்கோணத்தில்
மழை விட்ட சாயங்காலம்.
இங்கே தலைப்புச் செய்தி.
வெயில் எத்தனை என்பதல்ல கேள்வி,
வெயிலுக்கு இந்த உடம்பு
என்ன செய்துகொள்கிறது என்பது.

முப்பது வருடப் பதிவேடுகளை
ஒரு கோட்டுக்குள் இழுத்துவந்தேன்.
ஏறியது, ஏறியது,
கடைசி நான்கு கோடைகளில்
சட்டென்று இறங்கியது.
ரோஸலிண்ட் பச்சைப் பேனாவால் அதை வட்டமிட்டாள்.
"பழகிவிட்டோம்."
மேலிடத்துக்குப் போகும் படங்களில்
அது முதல் படமாயிற்று.

எனக்கு உறுத்தியது.
ஜூலை, புல் தவிட்டு நிறம்,
ஆம்பர்கேட் வளைவில்
ஆல்வின் டைட்ஸ்வெல் குந்தி உட்கார்ந்து
தண்டவாளத்தின் விலாவுக்கு
வெள்ளை பூசிக்கொண்டிருந்தார்.
பூசினால் ஐந்து பாகை மிச்சமாம்.
படத்தைக் காட்டினேன்.
கையைத் துடைக்காமலே வாங்கிப் பார்த்தார்,
ஓரத்தில் வெள்ளைக் கட்டைவிரல் பதிந்தது.
"முதல்நாள் ராத்திரியே
பாதி வண்டியை ரத்து செய்துவிடுகிறார்கள், வாத்தே."
(வாத்து என்று கூப்பிடுவது இந்த ஊர்ப் பிரியம்.)
"ஓடாத வண்டி எப்படிப் பிந்தும்?"

மயக்கத்தில் கிடப்பவன்
ஊசிக்கு அசைவதில்லை.
குணமாகிவிட்டான் என்று எழுதியிருந்தேன்.

திரும்பி வந்து
ஓடாத வண்டிகளை ஒவ்வொன்றாகக் கோட்டில் ஏற்றினேன்.
ஆனால் என்ன எடையில்?
வராத வண்டிக்கு எத்தனை நிமிடம்?
பெல்பர் நடைமேடையில் நின்றுவிட்டு
வீட்டுக்குத் திரும்பிய பையனின் பரீட்சையை
எதால் பெருக்குவது?
அறுபது என்று வைத்தேன். நியாயமில்லை.
நூற்றிருபது என்று வைத்தேன். அதுவும்.
எதை வைத்தாலும்
கோடு தலை நிமிர்ந்தது.

ரோஸலிண்ட் இரண்டு படங்களையும்
மேசையில் அடுத்தடுத்து வைத்து
ரொம்ப நேரம் பேசவில்லை.
மேசை விசிறி
ஒன்றைப் பறக்கவிட்டது, எடுத்து வைத்தாள்.
மற்றதைப் பறக்கவிட்டது.
பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.

அன்று மாலை நடைமேடைக் கைப்பிடியைத் தொட்டேன்.
கை தானாக விலகிய பிறகுதான்
சுட்டது என்று தெரிந்தது.
தலைக்கு மேல் பலகையில்
என் வண்டிக்கு எதிரே ஒரே சொல்.
பக்கத்தில் நின்றவர் அண்ணாந்து பார்த்துவிட்டு
ஐஸ்கிரீமை நக்கத் தொடங்கினார்.

இரண்டு படங்களையும் அனுப்பினோம்.
பதினோரு நாள் கழித்துப் பதில்:
நன்றி. ஒன்று போதும்.
எது என்று எழுதவில்லை.